இன்னொருத்தி எங்கே போனாள்?

என் பெயர் கிஸா. எங்கள் பக்கத்தில் இந்தப் பெயரைக் கேட்டதுமே விஷயம் புரிந்துவிடும்: இவளுக்கு முன்னால் அந்த வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள், அதற்கு அடுத்ததாக வந்து விழுந்தவள் இவள். இரட்டையரில் மூத்தவள் பாபிரியே, இளையவள் நகாதோ. அதுவும் யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயரில்லை, இரட்டைப் பெண்கள் என்றால் அதுதான் பெயர். அவர்கள் பிறந்த அன்றே அப்பா ஸாலோங்கோ ஆகிவிட்டார், அம்மா நாலோங்கோ ஆகிவிட்டாள். சாகும்வரை அந்தப் பட்டத்தைச் சொல்லித்தான் ஊர் அவர்களைக் கூப்பிட்டது. ஊரே கூடி ராத்திரி முழுக்க ஆடியதாம். நான் பிறந்தபோது பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டிருந்ததால் எல்லாரும் அதைப் பார்க்கப் போய்விட்டார்கள் என்று அம்மாவே சிரித்துச் சிரித்துச் சொல்லுவாள். எனக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பு வந்ததில்லை.

எதற்குச் சொல்ல வந்தேன் என்றால், வர்க்கமூலம் என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அது எங்கள் வீட்டில் ஆடிய கூத்து உகாண்டாவில் வேறு எந்த வீட்டிலும் ஆடியிருக்காது.

மசாகா சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் பள்ளிக்கூடம். ஒரு வகுப்பின் கூரையைக் காற்று கொண்டுபோய்விட்டதால் அக்காமார் வகுப்பும் என் வகுப்பும் ஒரே அறையில். கணக்கு வாத்தியார் லுபோவா மாஸ்டர் உடம்பில் பாதிக்கு மேல் கால்தான். அன்றைக்குக் கரும்பலகையில் பெரிதாக ஒரு மூலக்குறியைப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"இது என்ன?"

"வர்க்கமூலம் சார்."

"வீடு! நல்லாப் பாருங்க. இது சுவரு, இது தகரக் கூரை. உள்ள பன்னெண்டு இருக்கு. பன்னெண்டைப் பிரிச்சா ரெண்டு, ரெண்டு, மூணு. இந்த ரெண்டும் ரெண்டும் யாரு?"

வகுப்பு மொத்தமும் கத்தியது: "இரட்டைப் பிள்ளைங்க!"

"அப்ப இந்த மூணு?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. "கிஸா!" என்று ஒரே சிரிப்பு. என் பங்குக்கு நாக்கைத் துருத்திக் காட்டினேன்.

"அவ்வளவுதான் கணக்கு! ஜோடியா இருந்தாத்தான் கதவு தொறக்கும். ஜோடி இல்லாதவ உள்ளயே கெடப்பா. ஜோடி கதவுகிட்ட வருது, ஒருத்தி வெளிய வந்து நிக்கறா." வீட்டுக்கு வெளியே ஒரு 2 போட்டார். உள்ளே 3 மட்டும் மிச்சம். 2√3 என்று எழுதி அடியில் கோடு இழுத்தார். உண்மையைச் சொன்னால், அந்த மனிதர் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார். கணக்கே வராத பையன்களுக்குக்கூட அன்று புரிந்தது.

நகாதோ எழுந்து நின்றாள். "சார், இன்னொருத்தி எங்க போனா?"

"எந்த இன்னொருத்தி?"

"கதவுகிட்ட ரெண்டு பேரு வந்தாங்க. வெளிய ஒருத்திதான் நிக்கறா."

"அவ... அவ போயிட்டா."

"எங்க போயிட்டா?"

மாஸ்டர் தலையைச் சொறிந்தார், கூரையைப் பார்த்தார். அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னார்: "பறந்து போயிட்டான்னு வெச்சுக்கோயேன்!"

வகுப்பு மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டது. எங்களில் இரட்டையர் செத்தார்கள் என்று சொல்லக் கூடாது. பறந்துவிட்டார்கள் என்றுதான் சொல்வோம், அழவும் கூடாது. உயிரோடு, முழுசாக, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்களைப் பார்த்து இவர் இப்படிச் சொல்லிவிட்டார். தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்ததும் சுண்ணாம்புக்கட்டி கையிலிருந்து நழுவியது.

மறுநாள் காலை வகுப்பு வாசலில் அம்மா நின்றாள், இடுப்பில் கை.

"ஏய் கொக்குக்கால் வாத்தி! என் பிள்ளைய எங்க பறக்க விட்ட? கூப்பிடு, இப்பவே எறங்கி வரச் சொல்லு!"

"நாலோங்கோ, அது கணக்கும்மா..."

"கணக்கா? உன்னைப் பெத்தப்ப உங்கம்மா கணக்குப் பார்த்திருந்தா, காலை இவ்வளவு நீளத்துக்கு விட்டிருக்க மாட்டா!"

பையன்கள் மேசைக்கு அடியில் போய்ச் சிரித்தார்கள். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் கோட்டு போட்டுக்கொண்டு, கையில் ஒரு கோழியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். இரட்டையருக்குக் கோபம் வந்தால் அதை ஆற்ற, வெளியில் சொல்ல முடியாத பாட்டெல்லாம் பாடி ஒருவரை ஒருவர் வைவது எங்கள் வழக்கம். பெண்கள் சூழ்ந்துகொண்டு அவர் காலைப் பற்றியும் மற்றதைப் பற்றியும் பாடினார்கள். மாஸ்டரோ அவர்களைவிட மோசமாகத் திருப்பிப் பாடி, அம்மாவையே முந்தானையால் வாயை மூடிச் சிரிக்க வைத்துவிட்டார். ஊருக்கு அன்றோடு விஷயம் தீர்ந்தது. நகாதோவுக்குத் தீரவில்லை.

அவள் அந்தக் கணக்கைத் தன் இஷ்டத்துக்குப் போட ஆரம்பித்தாள். ஜோடி கதவுக்கு வந்தால் இரண்டு பேரும் வெளியே வந்தாக வேண்டும். ஆக, வெளியே வந்த இரண்டையும் பெருக்கி √12 என்றால் 4√3. √18 என்றால் 9√2. மாஸ்டர் சிவப்பு மையால் அடித்துக்கொண்டே இருந்தார், இவள் எழுதிக்கொண்டே இருந்தாள். "புரியலியா உனக்கு?" என்று கேட்டால், "புரியுது சார். எழுத மாட்டேன்" என்பாள். பாபிரியே மட்டும் சரியாக எழுதி, முழு மார்க் வாங்கி, அதை வீட்டில் காட்டாமல் மடித்து வைத்துவிடுவாள்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியிருக்கும். சதுப்புக்கு அந்தப் பக்கம், மலை மேல் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளி இருந்தது. அங்கே படித்தவள் நர்ஸ் ஆவாள், டீச்சர் ஆவாள், கம்பாலாவில் மேசை நாற்காலி போட்டு உட்காருவாள். எங்கள் பள்ளியில் அதற்கு மேல் வகுப்பே இல்லை. மலைப் பள்ளியில் சேர வேண்டுமென்றால் அவர்கள் வைக்கும் பரீட்சையில் தேற வேண்டும், அதில் வர்க்கமூலத்துக்கு ஒரு பெரிய பகுதியே உண்டு. அப்பா எப்போதும் ஒரே பேச்சுதான் பேசுவார்: "ரெண்டு பேரும் போனா போகட்டும். ஒருத்திய மட்டும் அனுப்ப மாட்டேன். ஜோடியைப் பிரிச்சா வீடு உருப்படாது."

பரீட்சைக்கு முந்தின வாரம் லுபோவா மாஸ்டர் வந்து வெகுநேரம் அப்பாவோடு பேசிவிட்டுப் போனார். முற்றத்தில் காயப்போட்ட காப்பிக் கொட்டையைக் காலால் கிளறிக்கொண்டே அப்பா சொன்னார்: "எவ பாஸ் பண்றாளோ அவ போகட்டும். ஒருத்தி பிடிவாதத்துக்கு இன்னொருத்தி ஏன் கெடணும்?"

வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "ஸாலோங்கோ, என்ன பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரிஞ்சுதான் பேசறேன்" என்று அப்பா எழுந்து போய்விட்டார்.

அக்காமார் இருவரும் பிறந்ததிலிருந்து ஒரே பாயில் படுத்தவர்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவளும் பள்ளிக்கூடம் போகமாட்டாள். அப்படிப்பட்ட ஜோடியில் பாபிரியே மலை மேலும் நகாதோ இங்கேயும் என்பதை எங்களில் யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்த வாரம் முழுக்க சாயங்காலம் சாயங்காலம் சமையல் கொட்டகையின் வாசல்தான் எங்களுக்கு மூலக்குறி. நான் உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் புகையில் நிற்க வேண்டும், நான்தான் மூன்று. அவர்கள் இருவரும் கதவுக்கு வருவார்கள். பாபிரியே வெளியே கால் வைப்பாள். நகாதோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு தானும் தாண்டுவாள்.

"நீ தாண்டக் கூடாதுடீ!"

"அப்ப நான் எங்க போறேன்னு சொல்லு. நின்னுக்கறேன்."

"எனக்கு என்னடீ தெரியும்? கணக்கு அப்படித்தான் வருது!"

"எனக்கு அப்படி வரல."

"பரீட்சை அன்னிக்கு ஒரு நாளைக்காவது எழுதித் தொலையேன். என்னைத் தனியா அனுப்பிடுவாங்கடீ." பாபிரியே அழுதுவிட்டாள். கடைசி நாள் சண்டை முற்றி ஒருத்தி கிணற்றுக்கும் ஒருத்தி தோட்டத்துக்கும் போனார்கள். உள்ளே புகையில் நின்றவளை, நீ வெளியே வா என்று ஒருத்தியாவது சொன்னாளா? சொல்லவில்லை.

அன்று இருட்டும் நேரத்தில் நகாதோ மட்டும் சாப்பிட வந்தாள். அம்மா வழக்கம்போல அவள் முன்னால் இரண்டு தட்டு வைத்தாள். இரட்டையரில் ஒருத்தி தனியாக வந்தாலும் அம்மா இரண்டு தட்டுதான் வைப்பாள், ஒற்றைத் தட்டு வைத்தால் ஆகாது என்பாள். நகாதோவும் இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவாள். எனக்கு ஒரு தட்டு. அதிலும் ஓரத்தில் பொத்தல். வேர்க்கடலைக் குழம்பு ஒழுகாமல் அடியில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு சாப்பிட வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெளிய ஒருத்தியாத்தான் போறா. திரும்பி வீட்டுக்குள்ள வந்தா மட்டும் ரெண்டு பேரு ஆயிடறா, ரெண்டு தட்டு! நான் போனாலும் ஒண்ணு, வந்தாலும் ஒண்ணு, அதுவும் ஓட்டை!"

"சாப்பிடறப்ப என்ன பேச்சு?" என்று அம்மா அதட்டினாள். நகாதோ மென்றுகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்துச் சுவரோடு நகர்ந்துகொண்டேன். அவள் அடிக்கவில்லை. அடுப்புச் சாம்பலை விரலால் பரப்பி ஏதோ எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.

மறுநாள் வாழைக்காயை அவித்து மசித்த மடோகேயை வாழையிலையில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நானும் அவர்களோடு மலை ஏறினேன். அவர்கள் உள்ளே எழுதிக்கொண்டிருந்தபோது பலாமரத்தடியில் உட்கார்ந்து பாதியை நானே தின்றுவிட்டேன். வெளியே வந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முந்தின நாள் சண்டை இன்னும் ஆறவில்லை என்று நினைத்தேன்.

ஒரு வாரத்தில் தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். லம்வாகா மேடம் வடக்குப் பக்கத்துக்காரர், தடித்த கண்ணாடி, குரல் உயராது. அப்பா உட்கார்ந்தார், அக்காமார் முட்டி போட்டு வணக்கம் சொன்னார்கள். என்னை யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, நின்றேன்.

"நகாதோ பாஸ்" என்றார் மேடம். "பாபிரியே பாஸ் இல்ல."

அப்பா சிரித்தார். "பேரை மாத்திப் படிக்கறீங்க மேடம். இவங்களைப் பாக்கறவங்க எல்லாருக்கும் வர்ற குழப்பந்தான்."

"மாத்தல. நீங்களே பாருங்க." இரண்டு தாளையும் மேசையில் வைத்தார். பாபிரியேயின் தாளில் வர்க்கமூலப் பகுதி முழுக்க √12 என்றால் 4√3, √18 என்றால் 9√2. எல்லா வீட்டிலிருந்தும் இரண்டு பேரும் வெளியே வந்திருந்தார்கள். நகாதோவின் தாளில் ஒரு தப்பு இல்லை.

"பாபிரியே, உனக்கு இந்தக் கணக்கு தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"அப்புறம்?"

"இவ எழுத மாட்டான்னு நெனச்சேன். நான் மட்டும் பாஸானா என்னைத் தனியா அனுப்பிடுவாங்க. அதான் நானும் இவ மாதிரியே எழுதிட்டேன். ரெண்டு பேரும் வீட்டுலயே இருக்கலாம்னு."

நகாதோ எழுந்தாள். மேடத்தின் அறை என்றும் பார்க்கவில்லை, பாபிரியேயின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "அறிவு இருக்காடீ உனக்கு?"

"உனக்கு இருந்தா ஒரு வருஷமா அப்படி எழுதியிருப்பியா? சரியா எழுதப்போறேன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"இவ்வளவு நாள் வீம்பு பண்ணிட்டு எப்படிடீ சொல்றது? வெக்கமா இருந்துது!"

இருவரும் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு ஒருத்தி அழுதார்கள், அழுதுகொண்டே கிள்ளிக்கொண்டார்கள். அப்பா தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். பிரியக் கூடாது என்று ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்து, கடைசியில் தாங்களே பிரித்துக்கொண்டாயிற்று. நகாதோ மலை மேல், பாபிரியே வீட்டில். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் யார் பக்கம் அழுவது என்று தெரியவில்லை.

மேடம் பொறுமையாக இருந்தார். அழுகை ஓய்ந்ததும் கேட்டார்: "நகாதோ, ஒரு வருஷமா எழுதாதவ இப்ப எப்படி எழுதின?"

"கிஸாவோட தட்டு, மேடம்."

"என்னது?"

"வெளிய நிக்கற அந்த ஒரு ரெண்டைத் திரும்ப வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனா, ரெண்டு ரெண்டாத்தான் போகுது. இல்லாட்டி பன்னெண்டு வராது. அப்ப யாரும் எங்கயும் பறந்து போகல. வெளிய இருக்கற வரைக்கும் ஒருத்தியாத் தெரியறாங்க, உள்ள வந்தா ரெண்டு பேரு. எங்கம்மா ரெண்டு தட்டு வைக்கற மாதிரி." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நான் பண்ணின மாதிரி நாலா வெளிய விட்டா, திரும்பி வர்றப்ப நாலும் நாலுமா வந்து நிக்கும். வீடு கொள்ளாது மேடம்."

லம்வாகா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவு நேரம் துடைக்க அதில் ஒன்றுமில்லை. பிறகு எழுந்து சுவரில் இருந்த பலகையில் எழுதினார்: √12 + √27 − √48.

"பாபிரியே, வா. இதை மட்டும் போடு. ஒழுங்காப் போட்டா ரெண்டு பேரும் இங்க. வேணும்னு தப்பாப் போட்ட, ரெண்டு பேருமே வேண்டாம்னு எழுதிடுவேன்."

பாபிரியே சுண்ணாம்பை எடுத்தாள். அப்பா உதட்டை அசைத்து ஜெபம் பண்ணினார். நகாதோ பக்கத்தில் நின்று மூச்சுவிடாமல் பார்த்தாள். பாபிரியே 2√3 என்று எழுதினாள். 3√3 எழுதினாள். கடைசி வீட்டிலிருந்து ஒரு 4 வெளியே வந்தது. எல்லா வீட்டுக்குள்ளேயும் அதே மூன்று இருப்பதால் வெளியே இருப்பதைக் கூட்டிக் கழித்துவிடலாம். இரண்டும் மூன்றும் ஐந்து, நான்கு போனால் ஒன்று. ஒன்றை யாரும் எழுதுவதில்லை. √3 என்று போட்டுவிட்டுச் சுண்ணாம்பை வைத்தாள்.

"சரி" என்றார் மேடம்.

அப்பா எழுந்து அந்த அறையிலேயே இரண்டு அடி ஆடினார். அக்காமார் குதித்தார்கள். நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே யாருமே இல்லை. தகரக் கூரைக்கு அடியில் அந்த மூன்று மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவர்கள் இரண்டு பேருமே போகப்போகிறார்கள். நான் ஓவென்று அழுதேன். "பாருங்க, சந்தோஷத்துல அழறா" என்று அப்பா என் தலையைத் தடவினார்.

அவர்கள் போன பிறகு அந்தப் பெரிய பாய் முழுக்க எனக்கு. எவ்வளவு நாள் ஆசைப்பட்டிருப்பேன், உருண்டு உருண்டு படுத்தும் தூக்கம் வரவில்லை. சாயங்காலத்தில் சமையல் கொட்டகைக்குப் போய்ப் புகையில் நின்று பார்ப்பேன். கதவுக்கு யாரும் வரமாட்டார்கள். அவர்களோடு சண்டை போட்ட அந்த வருஷங்களைப் போல நிறைவான காலம் என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு வரவில்லை. அப்போது அதை யாராவது சொல்லியிருந்தால் அவர் வாயிலேயே போட்டிருப்பேன்.

காலம் ஓடிவிட்டது. பாபிரியே மபராராவில் நர்ஸ் ஆனாள். நகாதோ ஜிஞ்சாவில் கணக்கு டீச்சர் ஆனாள், வேறு எதற்கு லாயக்கு அவள்? அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டையும் காப்பித் தோட்டத்தையும் நான் பார்த்துக்கொண்டேன். கட்டினவன் வந்தான், போனான். நான் உள்ளேயே இருந்தேன், மூன்று வேறு எங்கே போகும்?

போன மழைக்காலத்தில் பாபிரியே பறந்துவிட்டாள். அப்படித்தான் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன். வழக்கப்படி யாரும் அழவில்லை. நகாதோ கல் மாதிரி இருந்தாள், எல்லாக் காரியமும் முடிந்து ஜிஞ்சாவுக்குப் பஸ் ஏறினாள். அதற்கப்புறம் பேச்சே இல்லை, போன் பண்ணினால் எடுக்கவில்லை. அவளுக்காக நான் எவ்வளவு பயந்தேன் என்பதை அவளிடம் இதுவரை சொன்னதில்லை.

ஒரு மத்தியானம் வாசலில் நிழல் தட்டியது. கையில் பையோடு நகாதோ நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். தலை பாதி நரைத்துவிட்டது, முகம் மட்டும் அன்றைக்கு வகுப்பில் எழுந்து நின்ற அதே முகம்.

"கிஸா" என்றாள். "இன்னொருத்தி எங்கடீ போனா?"

எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். "வாசல்ல நின்னு என்ன கேள்வி? உள்ள வா மொதல்ல. மடோகே ஆறுது."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவர்கள் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். நான் அவள் முன்னால் இரண்டு தட்டு வைத்தேன். இரண்டிலும் மடோகே போட்டு, இரண்டிலும் குழம்பு ஊற்றினேன். அவள் கையைக் கழுவிக்கொண்டாள். பிறகு இதில் ஒரு வாய் எடுத்தாள், அதில் ஒரு வாய் எடுத்தாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள், நான் பார்க்காதது மாதிரி இருந்தேன்.

என் தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். பொத்தலை விரலால் அடைத்துக்கொண்டு நானும் சாப்பிட்டேன்.